நான் போர்த்திய பொன்னாடை

நம் ஆட்களுக்குப் பொன்னாடை போர்த்தாமல் ஒரு கூட்டத்தை முடிக்கத் தெரியாது. பேச்சாளருக்கு ஒன்று, மண்டபம் எடுத்துத் தந்தவருக்கு ஒன்று, மைக் பூட்டியவருக்கும் ஒன்று. இதை நானே ஒரு நாவலில் நக்கலடித்து எழுதியிருக்கிறேன். அப்படிப்பட்ட நான், என் படத்தைச் சிட்னியின் பென்டில் ஹில்லில் முதன்முதலாகத் திரையிட்ட அன்று, மேடையில் ஒரு மனிதரைக் கூப்பிட்டுப் பொன்னாடை போர்த்தி, அவருடைய தலையில் மண்ணைப் போட்டேன்.

நான் நாவல் எழுதுகிறவள். வாரநாட்களில் முதியோர் இல்லத்தில் வேலை, சனி ஞாயிறில் எழுத்து. படத் தயாரிப்பாளர் என்ற பட்டம் பிறகுதான் வந்து ஒட்டிக்கொண்டது. பெரிதாக ஒன்றும் நினைத்துவிடாதீர்கள். சிட்னியில் தமிழ்ப் படம் எடுப்பதென்றால், கமராக்காரருக்கு லீவு கிடைக்கிற நாளில் கதாநாயகிக்கு ஷிப்ட் இருக்கும். இரண்டு பேரும் வருகிற நாளில் மழை கொட்டும். சோற்றுச் சட்டியைக் காரில் ஏற்றி இறக்குவதும் தயாரிப்பாளர்தான். இப்படியே வருடக்கணக்கில் இழுத்து இழுத்து, என் நாவல் ஒன்றையே படமாக்கி முடித்தேன்.

அந்த நாவல், நான் பொன்னாடை போர்த்திய அந்த மனிதருடைய கதை. படகில் வந்தவர், வீடுகளுக்குப் பெயின்ட் அடிக்கிறவர், தற்காலிக விசாவிலேயே காலத்தைக் கழித்துக்கொண்டிருப்பவர். ஞாயிறு பின்னேரங்களில் கிரவீனில் என் வீட்டுக் குசினியில், கதிரையின் நுனியில் இருந்துகொண்டு எல்லாம் சொன்னார். ஊரில் அவருடைய அண்ணனை விசாரிக்க வேண்டுமென்று ஆமிக்காரர் வீட்டிலிருந்து கூட்டிப்போனார்கள். அண்ணன் திரும்பி வரவில்லை. பிறகு அவரையும் தேடி வரத் தொடங்கினார்கள். அதனால்தான் படகேறினார். அவருடைய விசா வழக்கு முழுக்க இந்த ஒரு விஷயத்தில்தான் நிற்கிறது.

நான் நாவலில் அந்த அண்ணனைத் திரும்பி வர வைத்தேன். கடைசி அத்தியாயத்தில் கேற்றைத் திறந்துகொண்டு வருவார். தாய் அரிசி கொழித்துக்கொண்டிருப்பாள், நிமிர்ந்து பார்ப்பாள். ஏன் மாற்றினேன் என்று கேட்டால், என்னால் தாங்க முடியவில்லை, அவ்வளவுதான். கலை, கத்தரிக்காய் என்று வேறு காரணம் சொன்னால் அது பொய். படத்தில் அந்தக் காட்சியைப் பிளாக்டவுனில் ஒரு நண்பரின் பின்வளவில் எடுத்தோம்.

மாற்றியதோடு நிறுத்தியிருக்கலாம். ஆனால் தயாரிப்பாளர் புத்தி வேறு. உண்மைக் கதை என்றால்தான் சனம் வரும் என்று பலரும் சொன்னார்கள். போஸ்டரில் “முற்றிலும் உண்மைக் கதை” என்று கொட்டை எழுத்தில் போட்டேன். பலசரக்குக் கடைகளின் கண்ணாடியில் நானே ஒட்டினேன். முதல் காட்சியன்று, படம் முடிந்து எல்லோரும் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தபோது எனக்குத் தலைகால் தெரியவில்லை. “இந்தக் கதையின் உண்மையான கதாநாயகன் இங்கேதான் இருக்கிறார்” என்று மைக்கில் சொல்லிவிட்டேன். அவர் கடைசி வரிசையில் இருந்து வேண்டாம், வேண்டாம் என்று கையை ஆட்டினார். வெட்கம் என்று நினைத்துப் பிடித்து இழுத்துவந்தேன். பின்னால் போஸ்டர், நடுவில் அவர், தோளில் பொன்னாடை. அன்றைக்கே அந்தப் போட்டோ ஃபேஸ்புக்கில் ஊரெல்லாம் சுற்றியது. பிறகு, வெளியூர்ச் சனமும் பார்க்கட்டும் என்று முழுப்படத்தையும் நெட்டில் ஏற்றிவிட்டேன்.

சில மாதங்கள் கழித்து ஒரு சனிக்கிழமை மத்தியானம் அவர் குடிவரவுத் திணைக்களத்தின் கடிதத்தோடு வந்தார். கையில் பெயின்ட் காயவில்லை. அண்ணன் திரும்பவில்லை என்று சொல்லியிருக்கிறீர்கள், உங்கள் உண்மைக் கதை என்று அறிவிக்கப்பட்ட படத்தில் அவர் திரும்பி வருகிறார், விளக்கம் தாருங்கள் என்று எழுதியிருந்தது. பொன்னாடை போர்த்திய போட்டோவும் கூடவே இருந்தது.

“அக்கா, என்னைத் திருப்பி அனுப்பிப் போடுவினமோ?” என்று கேட்டார்.

ஒன்றைச் சொல்லித்தான் ஆகவேண்டும். அந்த நிமிடம் என் மனதில் முதலில் வந்தது அவர் அல்ல. மெல்பேர்னில் அடுத்த வாரம் என் படத்துக்கு வைத்திருந்த காட்சி. அதை நினைத்துவிட்டுத்தான் அவருடைய முகத்தைப் பார்த்தேன். அந்த வெட்கம் இன்றைக்கும் என்னைத் தின்கிறது.

பிறகு பைத்தியம் பிடித்தவள் போல ஓடினேன். கடை கடையாகப் போய்ப் போஸ்டர்களை நகத்தால் சுரண்டினேன். ஃபேஸ்புக்கில் அந்தப் போட்டோவைப் போட்டவர்களுக்கெல்லாம் போன் எடுத்துக் கெஞ்சினேன். “ஏன் அக்கா, நீங்கள் அதில வடிவாத்தானே நிக்கிறியள்?” என்றாள் ஒருத்தி.

அவருடைய வழக்கறிஞர் இங்கேயே பிறந்த தமிழ்ப் பிள்ளை. “அன்ரி, டிலீட் பண்ணி யூஸ் இல்லை. அவையிட்ட ஸ்கிரீன்ஷொட் இருக்கு. நீங்கள் ப்ரூஃப் ஏதும் வைச்சிருக்கிறீங்களா?” என்றாள்.

இருந்தது. குசினியில் அவர் பேசியதைப் போனில் பதிவு செய்திருந்தேன். மூன்று பேரும் அவளுடைய அறையில் இருந்து கேட்டோம். அண்ணன் வரவில்லை என்று அவருடைய குரல் தெளிவாகச் சொன்னது. எனக்கு உயிர் வந்தது. அடுத்ததாக என் குரல்: “தம்பி, அண்ணா திரும்பி வந்ததா வைப்பமே?” நான் தண்ணீர்க் குழாயை மூடுகிற சத்தம். பிறகு அவர்: “ஓம் அக்கா, அப்பிடியே வையுங்கோ. அம்மா பாத்தா சந்தோசப்படுவா.”

வழக்கறிஞர் நிறுத்திவிட்டாள். “இது ஹெல்ப்தான் அன்ரி. ஆனால் அவரும் ஓம் எண்டு சொல்லியிருக்கிறார். அதையும் கேப்பினம்.”

அவர் தலையைக் குனிந்துகொண்டு இருந்தார். என்னை ஒரு வார்த்தை ஏசியிருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

நடந்தது இதுதான் என்று நான் சத்தியக் கடதாசி எழுதிக் கொடுக்க வேண்டும் என்றாள் வழக்கறிஞர். தொழில் என்ற இடத்தில் முதியோர் பராமரிப்பு என்று எழுதப்போனேன். நாவலாசிரியர், படத் தயாரிப்பாளர் என்று எழுதச் சொன்னாள். எந்தப் படிவத்திலாவது அதை எழுதமாட்டேனா என்று எத்தனை வருடம் ஏங்கியிருப்பேன்! அதற்குக் கீழே, போஸ்டரில் போட்டது பொய், அண்ணன் திரும்பி வருவது முழுக்க என் கற்பனை என்று எழுதினேன்.

பிளாக்டவுன் நூலகத்தில் ஒரு சின்ன மேசை போட்டு, கையெழுத்துக்குச் சாட்சி போடுகிற தொண்டர் இருந்தார். நல்ல வெள்ளைக்காரக் கிழவர். “இதில் இருப்பதெல்லாம் உண்மைதானா?” என்று ஆங்கிலத்தில் கேட்டார். எல்லோரிடமும் கேட்கிற கேள்விதான். எனக்கு அழுகை வந்துவிட்டது. அவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டு, நான் முடிக்கும்வரை காத்திருந்தார்.

“இது போதுமா பிள்ளை?” என்று வழக்கறிஞரைக் கேட்டேன்.

“தெரியாது அன்ரி. கதை எழுதுற ஆள், இவரைக் காப்பாத்த இதையும் எழுதியிருக்கலாம் எண்டு சொல்லுவினம். நெட்டில இருக்கிற படத்தை இண்டைக்கே எடுத்துப் போடுங்கோ. ஒருத்தருக்கும் கொப்பி அனுப்ப வேண்டாம். ஒரு ஆளிட்டப் போனாலும் திரும்ப வந்திடும்.”

அப்போதுதான் அவர் வாயைத் திறந்தார். “அம்மா நாளாந்தம் பாக்கிறவ அக்கா. முழுப்படமும் இல்லை. அண்ணா வாற இடம் மட்டும். அந்தத் துண்டையாவது அவவுக்கு அனுப்பேலாதோ?”

வழக்கறிஞர் கொஞ்சம் யோசித்தாள். பிறகு இல்லை என்று தலையாட்டினாள். மெல்பேர்ன் காட்சியை நிறுத்தச் சொல்லிவிட்டு, அன்றைக்கே படத்தை எடுத்தேன். எத்தனையோ வருட உழைப்பு இரண்டு அழுத்தில் போய்விட்டது. அதற்காக நான் அழவில்லை.

விசாரணைக்கு இன்னும் நாள் வரவில்லை. அவர் பெயின்ட் அடிக்கப் போகிறார், வருகிறார். என்னை இன்னும் அக்கா என்றுதான் கூப்பிடுகிறார். நான் ஒரு வரி எழுதவில்லை. போன் அடித்தால் வழக்கறிஞரோ என்று ஓடிப்போய் எடுக்கிறேன்.

போன கிழமை வேலை முடிந்து காரில் ஏறும்போது ஊர் நம்பரிலிருந்து அழைப்பு. அவருடைய அம்மா. மகனிடமிருந்து என் நம்பரை வாங்கி வைத்திருந்தாராம்.

“பிள்ளை, உங்கட படம் என்ர போனில வருகுதில்லை. பக்கத்து வீட்டுப் பிள்ளையிட்டயும் காட்டினனான், போனில ஒரு கோளாறும் இல்லையாம்.”

“படத்தை எடுத்துப் போட்டம் அம்மா” என்றேன்.

“ஏன் பிள்ளை?”

சத்தியக் கடதாசியில் எழுதியதை இவரிடமும் சொல்லத்தானே வேண்டும். ஆனால் “அதில ஒரு பிழை இருந்தது அம்மா” என்று மட்டும் சொன்னேன்.

“பிழையோ?” என்றார். “நான் எத்தினை தரம் பாத்தனான். ஒரு பிழையும் காணேல்லையே, பிள்ளை.”