தொட்டியடி மண்ணும் ஷரீப் பாயும்

ஷரீப் பாய் மௌத்தாகிவிட்ட செய்தி எனக்கு பர்கூர் பஸ்ஸில் கிடைத்தது. கண்டக்டர் சீட்டைக் கிழித்தபடியே, "உங்க தொட்டி லைன் பாய் காலையில போயிட்டாருங்க" என்றார். அங்கேயே இறங்கி ஓடினேன். நாலு மைல். இந்த வயதில் அரை மணியில் ஓடி வந்தேன் என்றால் யாரும் நம்புவதில்லை. ஆனாலும் நான் வருவதற்குள் சந்தூக்குப் பெட்டியைத் தூக்கியிருந்தார்கள்.

நம் லைன் வீட்டுக்காரர்களுக்கு அவரைத் தெரியும். பெங்களூரில் ஒரு பேட்டரி பட்டறையில் ஈயம் உருக்கி, வலது மணிக்கட்டு தொங்கிப்போய், இங்கே வந்து பெட்டிக்கடை வைத்தவர். "ஈயம் உள்ள வர்றதுக்கு எத்தனையோ வழி இருக்கு, வெளிய போறதுக்குத்தான் தெரியல" என்பார்.

லைனுக்கு நடுவே நின்ற இரும்புத் தண்ணீர்த் தொட்டியை மறந்திருக்க மாட்டீர்கள். ஈயம் கலந்த சிவப்பு பெயிண்ட் அடித்தது. ஒவ்வொரு முறை பெயிண்ட் அடிக்கும்போதும் பழையதைச் சுரண்டிக் கீழே தள்ளுவார்கள். மேலிருந்து ஒழுகும் தண்ணீரில் கீழே லட்சுமக்கா கீரை போட்டிருந்தார். அந்தக் கீரையைத் தின்னாத வீடு கிடையாது.

"அந்த மண்ணுல ஈயம் இருக்கு. கீரைய நிறுத்துங்கம்மா" என்றார் பாய்.

"ஏன் பாய், நீங்க ஈயம் பூசின தேக்சாவுலதான பிரியாணி ஆக்குறீங்க?" என்று லட்சுமக்கா கேட்க, சுற்றி நின்ற நாங்களும் சிரித்தோம்.

"அது வெள்ளீயம். இது காரீயம்" என்றவர், சிரித்த அக்காவின் வாயையே பார்த்துக்கொண்டு நின்றார். ஈறோரம் கறுப்பாக ஒரு கோடு. "என் வாயிலயும் இப்படித்தாம்மா இருந்துச்சு" என்றார். அக்காவுக்கு மாதக்கணக்கில் வயிற்றுவலி என்பது அப்போதுதான் வெளியே வந்தது.

தொட்டியடி மண்ணை வாரிவிடுவது என்று முடிவானது. வாரிய நாளில் ஊரே திரண்டது என்று நான் சொல்வதுண்டு. வந்தது ஏழு பேர். ஆனால் என் டிராக்டர் எழுபது பேருக்குச் சமம். சானமாவுக் காட்டில் யானையே அதற்கு ஒதுங்கி நின்றிருக்கிறது. ஒரு முழ ஆழத்துக்கு வாரிக் கல்குழியில் கொட்டினோம். பாய் இடது கையாலேயே வெட்டினார். "மேல வேற மண்ணு போட்டு மூடிடுங்க மாணிக்கம். நாளைக்குன்னு விடாதீங்க" என்றார். நாளைக்கு என்று விட்டேன்.

பல வருஷ ஈரத்தில் ஊறிய கறுப்பு மண். இந்தக் கல்லுக்காட்டில் அப்படி மண் ஏது? மூன்றே நாளில் கூடை கூடையாகத் தூக்கிப் போனார்கள். ஓரிடத்தில் கிடந்தது லைன் முழுக்கக் கொல்லைகளில் போய்ச் சேர்ந்தது. லட்சுமக்காவும் இரண்டு கூடை எடுத்தார். பிறகு அவர் கையும் தொங்கியது. குடம் பிடிக்க முடியாமல் மத்தூரில் மகன் வீட்டுக்குப் போய்விட்டார்.

பாய் வீடு வீடாகப் போய் மண்ணைத் திருப்பிக் கேட்டார். "கொட்டின மண்ணைக் கேக்க வந்துட்டாரு" என்று கேலி செய்தார்கள். என்னிடமும், "நீங்க எடுத்தீங்களா?" என்று கேட்டார்.

"நானா, பாய்?" என்றேன்.

அதற்குமேல் அவர் கேட்கவில்லை. மற்ற வீடுகளுக்குத் துணைக்கு அழைத்தார். போனேன். அவரைவிட நான்தான் சத்தமாகப் பேசினேன்.

எடுத்திருந்தேன், ஒரு டிரெய்லர், என் கொல்லைக்கு. அவர் சொன்னதை அன்று நான் நம்பவில்லை. அவர் படுக்கையில் விழுந்த பிறகு, வாரம் ஒரு கட்டு கீரை என் வீட்டிலிருந்து போனது. "இந்த லைன்ல நம்பித் திங்கலாம்னா மாணிக்கம் வீட்டுக் கீரைதான்" என்று மனைவியிடம் சொல்வாராம்.

அவருடையது என்று என்னிடம் இருப்பது அந்தப் பேச்சுதான். கொல்லையில் மண் அப்படியே கிடக்கிறது. வாரிவிடலாம், டிராக்டர் இருக்கிறது. எங்கே கொண்டுபோய்க் கொட்டுவது?