ஜீவராணி வீட்டுக்காரருக்குக் குளிர் பழகிய கதை

நானுஓயாவுக்கு மேலே, பஸ் திரும்பிப் போகும் இடத்திலிருந்து இன்னும் ஒரு ஏற்றம் ஏறினால் தேயிலைத் தோட்டத்து ஆட்களின் வரிசை வீடுகளான மேற்பிரிவு லயம் வரும். அங்கே பேச்சியம்மாவின் இளைய மகள் ஜீவராணி எதற்கும் அசராதவள் என்று பேர் எடுத்தவள். தோட்டத்துப் பிள்ளைக்காம்பிராவில் அவள் ஆயா. கொழுந்து பறிக்கப் போகும் தாய்மார் விட்டுச்செல்லும் கைக்குழந்தைகள் எல்லாம் பகல் முழுக்க அவள் கையில்தான். எந்தப் பிள்ளை பசிக்கு அழுகிறது, எது குளிருக்கு அழுகிறது, எது சும்மா ராகம் போடுகிறது என்று சத்தத்தை வைத்தே சொல்லிவிடுவாள். அவளுடைய அக்கா நாகலெட்சுமி, பக்கத்துக் காம்பிராவில் குடியிருப்பவள், இதைக் கேட்காதவர்களிடமும் கூப்பிட்டுச் சொல்லுவாள்.

அப்படிப்பட்டவளுக்கு அந்த மார்கழியில் ஒரு பயம் வந்தது. புதிதாகக் கட்டிக்கொண்ட கணவனுக்குக் குளிர் ஒத்துவரவில்லை.

தர்ஷன் வவுனியாக்காரன். சைக்கிள், மோட்டார் சைக்கிள் திருத்துகிறவன். சொந்தக்காரர் கலியாணம் ஒன்றில் இருவரும் பார்த்துக்கொண்டார்கள், பிடித்துப்போயிற்று. அவனுடைய தாய் காளியாயி சம்மதித்தாள், ஆனால் ஒரு நிபந்தனை வைத்தாள். மகன் வெயிலில் வளர்ந்தவன். மருமகளுக்கு வேலை இருப்பதால் அவன் மலைக்கு வரட்டும், தை முடியும் வரை இருந்து பார்க்கட்டும். ஒத்துவராவிட்டால் மருமகள் வேலையை விட்டுவிட்டு வவுனியாவுக்கு வந்துவிட வேண்டும். ஜீவராணி யோசிக்காமல் தலையாட்டிவிட்டாள். பிறந்ததிலிருந்து குளிருக்குள் இருப்பவளுக்கு அதை ஒரு விஷயமாக நினைக்கத் தோன்றவில்லை. பந்தயத்தில் பிள்ளைக்காம்பிராவையே வைத்துவிட்டோம் என்பது பிறகுதான் உறைத்தது.

மாப்பிள்ளை வந்து இறங்கிய அன்றே அடுத்த வீட்டு மூக்கன் வேடிக்கையை ஆரம்பித்துவிட்டார். "சைக்கிள் ரிப்பேர்காரருக்கு இங்க என்னா வேல? ஏறும்போது சைக்கிள நாம தூக்கணும், எறங்கும்போது நம்மள நாலு பேரு தூக்கணும்." தர்ஷனும் சிரித்தான். சிரிக்கும்போதே அவனுக்குப் பல் அடித்தது.

நானுஓயா டவுனில் டயர் கடை வைத்திருக்கும் நிப்ராஸ் அவனை வேலைக்கு வரச் சொல்லியிருந்தார். தர்ஷன் ஒரு நாள் போனான். விரல் மரத்துப்போய் நட்டு எது, போல்ட்டு எது என்று தெரியாமல் திரும்பி வந்தான். அதோடு பேச்சியம்மா அவனை வெளியே விடவில்லை.

லயத்தில் மாப்பிள்ளைக்குக் கொடுக்கிற பெரிய மரியாதை அடுப்படியில் இடம். பேச்சியம்மா தன் பலகையை எடுத்து அடுப்புக்குப் பக்கத்தில் போட்டு அவனை உட்காரவைத்தாள். தலைக்குக் குல்லா, கழுத்துக்கு மப்ளர், காலுக்கு இரண்டு சோடி சப்பாத்துமேசு, மேலே கம்பளி. தேங்காய் எண்ணெய்ப் போத்தல் உறையாமல் இருக்க அடுப்போரம் நிற்கும். தோசை மாவு புளிக்கத் துணி சுற்றிய சட்டி அதற்குப் பக்கத்தில் இருக்கும். அந்த வரிசையில் மாப்பிள்ளையும் இருந்தான். குளிக்க வெந்நீர், குடிக்க இஞ்சித் தேத்தண்ணி, நேரத்துக்கு ரொட்டியும் கட்டச் சம்பலும். ஒரு விறகுக் குச்சியைக்கூட அவன் தொடக் கூடாது.

"மாவு பொங்கிருச்சி, மாப்பிள்ளதான் இன்னும் பொங்கல" என்று நாகலெட்சுமி தங்கையின் காதில் சொன்னாள். ஜீவராணிக்குச் சிரிப்பு வரவில்லை. எவ்வளவு போர்த்தினாலும் அவன் நடுங்கிக்கொண்டேயிருந்தான். அடுப்பை விட்டு வாசல் வரை போய் வந்தால் முன்பை விட அதிகமாக நடுங்கினான். ஒரு வெள்ளிக்கிழமை, அவள் வேலைக்குப் புறப்படும் நேரத்தில், தலை குனிந்தபடியே கேட்டான்.

"ராணி, பொங்கலுக்கு முன்னுக்கே போயிருவோமா?"

அவள் செருப்பை மாட்டிக்கொண்டு படி இறங்கினாள்.

அன்றைக்குப் பிள்ளைக்காம்பிராவுக்கு ஒரு புதுப் பிள்ளை வந்தது. பிரியந்தி என்ற பெண் பிரசவத்துக்குத் தாய்வீட்டுக்குக் கினிகத்தேனைக்குப் போயிருந்து, நடக்கப் பழகும் வயதில் பிள்ளையோடு திரும்பியிருந்தாள். கீழே இருக்கும் அந்த ஊரில் அவ்வளவு குளிர் கிடையாது. மலைக் குளிருக்குப் பயந்து பிள்ளைக்கு இருந்த உடுப்பையெல்லாம் ஒன்றன்மேல் ஒன்றாகப் போட்டு, பொட்டலம் மாதிரி கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனாள். பிள்ளை கை காலை மடக்க முடியாமல் கிடந்து அழுதது. ஜீவராணி சத்தத்தைக் கேட்டாள். குளிருக்கு அழுகிற அழுகை. உடுப்பைத் தளர்த்தி உள்ளே கைவிட்டுப் பார்த்தாள். முதுகு வேர்த்து நனைந்து, அந்த ஈரமே சில்லிட்டுப் போயிருந்தது. வழக்கமாகச் செய்வதைத்தான் செய்தாள். ஈரம் துடைத்து, உலர்ந்த சட்டையும் ஒரு ஸ்வெட்டரும் மட்டும் போட்டு, பாயில் இறக்கி, எட்டாத தூரத்தில் ஒரு தகர டப்பாவை உருட்டிவிட்டாள். பிள்ளை டப்பாவைத் துரத்தித் தவழ்ந்தது. கொஞ்ச நேரத்தில் அதன் கன்னம் சிவந்து, உள்ளங்கால் சுட்டது.

டப்பாவை மறுபடி உருட்டப் போனவள் அப்படியே நின்றுவிட்டாள். வீட்டிலும் ஒரு பொட்டலம் இருக்கிறதே என்று நினைத்தாள். பிறகு தனியாகச் சிரித்தாள்.

மறுநாள் அரைநாள் வேலை. வீட்டுக்கு வந்ததும் கணவனின் கம்பளியை உருவினாள். கவ்வாத்து வெட்டிய மலையில் தேயிலைக் கிளைகள் காய்ந்து கிடக்கின்றன, அந்த மிலாறுதான் லயத்துக்கு விறகு, இருவரும் போய்ச் சுமந்து வருவோம் என்றாள். பேச்சியம்மாவுக்குத் தூக்கிவாரிப்போட்டது.

"மாப்பிள்ளைய வெறகு சொமக்கச் சொல்லுறியா? லயத்து சனம் என்னயப் பாத்துக் காறித் துப்பாது?"

"துப்புனா தொடச்சிக்குவோம்மா. விருந்தாளியா வச்சிருந்தா இவரு விருந்தாளி மாதிரியே கெளம்பிப் போயிருவாரு. கூட நானும்ல போவணும்."

பேச்சியம்மா கம்பளியை எடுத்து மடித்து வைத்தாள். அந்த நிபந்தனையை அவள் மறந்தே போயிருந்தாள்.

சனம் பேசத்தான் செய்தது. புது மாப்பிள்ளை தலையில் மிலாற்றுக் கட்டோடு ஏறுவதைப் பார்த்து, பேச்சியம்மா வீட்டில் சீரும் சிறப்பும் ஜோராக நடக்கிறது என்றார்கள். முதல் கட்டை அவன் பாதி வழியில் போட்டுவிட்டான். இரண்டாவதை வாசல் வரை கொண்டுவந்தான். வந்ததும் மப்ளரைக் கழற்றினான். அடுத்த வாரம் குல்லாவையும் கழற்றினான். வேர்த்ததும் உள்சட்டையை மாற்ற வேண்டும், நின்றால் குளிரும், மெதுவாகவாவது ஏறிக்கொண்டேயிருக்க வேண்டும் என்பதெல்லாம் அவனுக்கு மூச்சு வாங்கியபடி நடந்ததில் தெரிந்துவிட்டது. ஆனாலும் வெந்நீர் இல்லாமல் முகம் கழுவ மாட்டான். பொங்கல் முடிந்த பிறகும் ஊர்ப் பேச்சை எடுத்துக்கொண்டுதான் இருந்தான்.

தையின் நடுவில் ஒரு மாலை, காற்று நின்றுபோயிற்று. வானத்தில் ஒரு மேகம் இல்லை. மூக்கன் அண்ணாந்து பார்த்துவிட்டு, காலையில் வெள்ளைப் பனிதான் என்று வீடு வீடாகச் சொல்லிவிட்டுப் போனார்.

அவர் சொன்னபடியே நடந்தது. விடிந்தபோது லயத்துக் கூரை, புல், வேலி எல்லாம் உப்பு அள்ளிக் கொட்டினாற்போல் வெளுத்திருந்தது. லயத்துக்குப் பின்னால் ஜீவராணி போட்டிருந்த உருளைக்கிழங்குச் செடிகளும் வெளுத்துத் தலை சாய்ந்து நின்றன. வெயில் படுவதற்குள் இலையிலிருந்து பனியைக் கழுவிவிட வேண்டும். வெயில் முந்திக்கொண்டால் செடி நெருப்பில் வாட்டியது போலக் கருகிவிடும். லயமே வாளியும் பூவாளியுமாகப் பின்பக்கம் ஓடியது.

ஜீவராணி கணவனை எழுப்பவில்லை. இரண்டு வாளியோடு, தண்ணீர் பிடிக்கிற பீலிக்கு ஓடினாள். வாளி நிறைவதற்குள் பின்னால் காலடி கேட்டது. தர்ஷன் ஒற்றை ஸ்வெட்டரோடு, கையில் தோசை மாவுச் சட்டியோடு நின்றான். வேறு பாத்திரம் அகப்படவில்லையாம். மாவை எங்கே கொட்டினான் என்று அவள் கேட்கவில்லை.

அவன் பீலியையே பார்த்தான். குழாயிலிருந்து விழும் தண்ணீரிலிருந்து வெண்மையாக ஆவி எழும்பிக்கொண்டிருந்தது.

"யாரு ராணி இங்க அடுப்பு மூட்டுனது?"

"தொட்டுப் பாருங்க."

தயங்கித் தயங்கிக் கையை நீட்டினான். மண்ணுக்குள்ளிருந்து வருகிற ஊற்றுத் தண்ணீர். அப்படிப்பட்ட காலையில் வெளியில் இருக்கிற எல்லாவற்றையும் விட அதுதான் சூடு. அவன் முகம் மெல்ல மலர்ந்தது. முழங்கை வரை விட்டான். பிறகு பேச நேரமில்லை. அவன் மொண்டு ஓட, அவள் வரிசை வரிசையாக ஊற்றினாள். வழுக்கி விழுந்தான், எழுந்து ஓடினான். மலை விளிம்பில் வெயில் வந்து மேல் ஓரத்து வரிசையைத் தொட்டபோது மற்ற வரிசைகளெல்லாம் நனைந்து பச்சையாக நின்றன. ஓரத்து வரிசை மட்டும் கருகிப்போயிற்று.

ஜீவராணி வாளியைக் கவிழ்த்து அதன்மேல் உட்கார்ந்தாள். திரும்பிப் பார்த்தால் கணவனைக் காணோம். பீலியடியில் சட்டையைக் கழற்றிவிட்டுத் தலையைத் தண்ணீருக்குக் கொடுத்து நின்றான். உடம்பெல்லாம் ஆவி பறந்தது. வாய்விட்டுச் சிரித்துக்கொண்டிருந்தான்.

"மாப்பிள்ள, மத்தவங்களுக்கும் கொஞ்சம் தண்ணி விடுங்க" என்றார் மூக்கன். வரிசையில் நின்ற பெண்கள் வாளியைத் தட்டிச் சிரித்தார்கள். பேச்சியம்மா துவாயோடு ஓடி வந்தவள், என்ன செய்வதென்று தெரியாமல் அதைத் தன் தோளிலேயே போட்டுக்கொண்டாள்.

அன்றும் அவன் முடிவு சொல்லவில்லை, அவளும் கேட்கவில்லை. தையின் கடைசி நாளில் அவள் வேலை முடிந்து வந்தபோது அவன் அலமாரி மேலிருந்து தன் பையை இறக்கிக்கொண்டிருந்தான். ஊருக்குத்தான் புறப்படுகிறான் என்று நினைத்து ஜீவராணி வாசலிலேயே நின்றாள். அவன் பையைத் தரையில் வைத்து, அடியிலிருந்து ஸ்பேனர்களை ஒவ்வொன்றாக எடுத்து, துருப் பிடித்திருக்கிறதா என்று பார்த்துத் துடைத்து வைத்தான்.

"நாளையிலருந்து நிப்ராஸ் நானா கடைக்குப் போறேன். அம்மாவுக்குப் போன் பண்ணிச் சொல்லிட்டேன். அழுதாங்க. சித்திரைக்கு வந்து பாக்குறாங்களாம்."

அவள் உள்ளே வந்து அவன் பக்கத்தில் உட்கார்ந்து ஒரு ஸ்பேனரை எடுத்துத் துடைத்தாள். அடுத்த காம்பிராவில் நாகலெட்சுமிக்கு எப்படியோ கேட்டுவிட்டது. இருட்டுவதற்குள் லயம் முழுக்கச் சொல்லி முடித்துவிட்டாள்.

சித்திரையில் காளியாயி வந்தாள். ஸ்வெட்டருக்கு மேல் ஸ்வெட்டர், காதை மூடிச் சால்வை. ஏற்றத்தில் பாதி வழியில் மகன் எதிரே வந்தான், பின்னால் ஜீவராணி. பனியன் மட்டும் போட்டிருந்தான், கையில் ஒரு அட்டையை வைத்து விசிறிக்கொண்டு.

"என்னடா இது கோலம்?"

"வெக்க தாங்கலம்மா. இந்த வருசம் வெயில் கூட."

காளியாயி மகனை மேலும் கீழும் பார்த்தாள். பிறகு மருமகளைப் பார்த்தாள். "இவன இனி வவுனியாவுக்குக் கூட்டிப்போனா உருகிருவான். நீயே வச்சிக்க" என்று சொல்லி, பையை அவளிடம் கொடுத்துவிட்டு மேலே ஏற ஆரம்பித்தாள்.