முகர்ந்து பார்க்காத மாவு

ஆஸ்பத்திரியின் பின்வாசலுக்கு எதிரே சைக்கிள் நிறுத்தும் இடம் ஒன்று உண்டு. அதன் தகரக் கூரைக்குக் கீழே தினமும் காலை ஆறரை மணிக்கு மூன்று பானைகள் வந்து இறங்கும். பானைக்குச் சொந்தக்காரியைக் கஞ்சியக்கா என்பார்கள். ரிட்டையராகப் போகிற டாக்டர்கூட அக்கா என்றுதான் கூப்பிடுவார். "எங்கப்பா வயசு மனுஷன் என்னை அக்காங்குறாரு, நான் எங்க போய் முட்டிக்கிறது" என்று அவள் முனகிக்கொண்டே அவருக்கு ஊற்றிக் கொடுப்பாள்.

முதல் பானையில் அரிசி நொய், வறுத்த பாசிப்பயறு, சீரகம். காய்ச்சல் விட்டவர்களுக்கு. இரண்டாவதில் கேழ்வரகு, தோலோடு கறுப்பு உளுந்து, வெந்தயம். ரத்தம் குறைந்தவர்களுக்கும், பிள்ளை பெற்று நாலு நாள் ஆனவர்களுக்கும். மூன்றாவது பானைக்கு நிலையான கணக்கு கிடையாது. யாருக்கு என்ன தேவையோ அதைச் சிறிதாகக் காய்ச்சிக்கொண்டு வருவாள். வருகிறவர்களிடம் அவள் கேட்பது ஒரே கேள்விதான். "என்ன சாப்பிடலாம்னு சொல்லாத. என்ன கூடாதுன்னு சொல்லிருக்காங்க, அதைச் சொல்லு." சிலர் துண்டுச் சீட்டையே நீட்டுவார்கள். படிக்கத் தெரியாது என்று சொல்ல மாட்டாள். கண்ணாடி கொண்டுவரவில்லை என்பாள்.

கஞ்சி குடித்தால் நோய் போகும் என்று அவள் ஒரு நாளும் சொல்லி நான் கேட்டதில்லை. ஒருவர் அப்படிப் புகழ்ந்தபோது அவரையே திட்டிவிட்டாள். "நோய்க்கு மருந்து உள்ள இருக்கு, போய் வாங்கு. அந்த மருந்தைத் தாங்க உடம்புல தெம்பு வேணாமா? அதுக்குத்தான் இது. சும்மா எதையாவது கிளப்பிவிடாத."

நான் இரண்டு தெரு தள்ளி மாவு மில் வைத்திருக்கிறேன். பதினோரு வருஷமாக அவள் தானியம் என்னிடம்தான் அரைபடுகிறது. எனக்குப் பயம் காட்டிய வாடிக்கைக்காரி அவள் ஒருத்திதான். காரணம் அவள் மூக்கு. மாவு டப்பாவின் மூடியைத் திறந்ததும் முகத்தை உள்ளே விட்டு முகருவாள். பயறு வறுபடுகையில் கொஞ்சம் அதிகமாகச் சிவந்திருந்தால் தெரிந்துவிடும். அவளுக்கு முன்னால் யார் என்ன அரைத்தார்கள் என்பதும் தெரிந்துவிடும். "கொத்தமல்லி அரைச்சுட்டு என்னோடதப் போட்டிருக்கீங்க தம்பி. வயித்துப் புண்ணுக்காரன் வந்து நிப்பான், அவனுக்கு நீங்க வந்து பதில் சொல்றீங்களா?" டப்பாவைத் திண்டில் டங்கென்று வைத்துவிட்டுப் போய்விடுவாள். நான் வாயைப் பொத்திக்கொண்டு மறுபடி என் சொந்தச் செலவில் அரைத்துக் கொடுப்பேன். என் மூக்கை நம்ப முடியாது. இருபத்தைந்து வருஷம் மிளகாய்த் தூளில் நின்றவனுக்கு மூக்கு என்பது மூச்சுவிட மட்டும்தான்.

மில்லில் மூன்று மெஷின். ஒன்று ஈர மாவுக்கு, ஒன்று மிளகாய் மசாலாவுக்கு, ஒன்று தானியத்துக்கு. அந்தத் திங்கட்கிழமை தானிய மெஷினின் பெல்ட் அறுந்துவிட்டது. புது பெல்ட் வர மறுநாள் ஆகும். அக்காவின் டப்பா திண்டில் இருந்தது. உள்ளே வறுத்த பயறும் சிவப்பரிசியும். தச்சர் சம்சாரத்துக்கு என்று அவள் தனியாகச் சொல்லிவிட்டுப் போயிருந்தாள்.

அந்த அம்மாளைப் பற்றிச் சொல்ல வேண்டும். எங்கள் தெருவுக்குப் பின்னால் கதவு ஜன்னல் செய்கிற தச்சர் ஒருவர் இருக்கிறார். அவர் மனைவிக்குத் தொண்டையில் கட்டி. ஆஸ்பத்திரியில் கரன்ட் வைத்து, கதிர்வீச்சைத்தான் அப்படிச் சொல்வோம், சுட்டார்கள். வாய், நாக்கு, தொண்டை எல்லாம் தோல் உரிந்த மாதிரி ஆகிவிட்டது. பேச்சு நின்றுவிட்டது, நோட்டில் எழுதித்தான் காட்டுவாள். தண்ணீர் இறங்குவதே பாடு. அந்தத் தொண்டையில் இறங்கியது அக்காவின் கஞ்சி ஒன்றுதான். உப்பு இல்லை, சீரகம் இல்லை, மாவைத் துணியில் இரண்டு முறை சலித்து, பால் மாதிரிக் காய்ச்சிக் கொடுப்பாள். அதுவும் இறங்காவிட்டால் மூக்கு வழியாகக் குழாய் போடுவோம் என்று டாக்டர் சொல்லியிருந்தார். குழாய் போட்டால் வீட்டுக்கே வர மாட்டேன், அங்கேயே கிடந்து போய்ச் சேருகிறேன் என்று அவள் எழுதிக் காட்டியிருந்தாள். தெருவில் எல்லோருக்கும் இது தெரியும். எனக்கும் தெரியும்.

தெரிந்தும் நான் அதை மிளகாய் மெஷினில் போட்டேன். சும்மா போடவில்லை. இரண்டு படி நொய்யை ஓட்டிக் கல்லைச் சுத்தம் செய்தேன். மேல் தொட்டியைத் துடைத்தேன். மாவு வந்து விழுகிற துணிக்குழாயை மட்டும் மாற்றவில்லை. அதன் மடிப்பில்தான் தூள் ஒளிந்துகொள்ளும் என்பது மில்லில் ஒரு வாரம் வேலை பார்த்தவனுக்குக்கூடத் தெரியும். ஆனால் மனதுக்குள் ஒரு தைரியம். ஏதாவது இருந்தால் அக்கா மோந்து பார்த்துத் திருப்பிக் கொண்டு வந்துவிடுவாள், அப்போது பார்த்துக்கொள்ளலாம் என்று நினைத்தேன். பெல்ட் அறுந்ததை அவளிடம் சொல்லவும் இல்லை. சொன்னால் டப்பாவை எடுத்துக்கொண்டு வேறு மில்லுக்குப் போய்விடுவாள்.

மாவு திரும்பி வரவில்லை. பார்த்தாயா, ஒன்றும் இல்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

புதன்கிழமை பத்து மணி இருக்கும். அக்கா டப்பாவோடு வந்து நின்றாள். முகம் வெளுத்திருந்தது. மெஷினை நிறுத்தச் சொல்லிக் கை காட்டினாள். நிறுத்தினேன்.

"தம்பி, இதைக் கொஞ்சம் மோந்து பாருங்க."

"நானா? என்னக்கா, கிண்டலா? எனக்கு மாவும் ஒண்ணுதான் மரத்தூளும் ஒண்ணுதான்."

"கிண்டல் பண்ற நேரமில்ல. நேத்து ஒரு வாய் குடிச்சதும் அந்தப் பொண்ணு துடிச்சுப் போயிட்டாளாம். கழுத்தைப் பிடிச்சுக்கிட்டு உருண்டாளாம். இப்பதான் தச்சர் வந்து, என்னத்தப் போட்ட, என்னத்தப் போட்டன்னு ஊரே கேக்கக் கத்திட்டுப் போறாரு. அதுல இருந்து அவ வாயத் திறக்கல. தண்ணியைக் காட்டினாக்கூட மூஞ்சியத் திருப்பிக்கிறா. நாளைக்குக் குழாய் போடப் போறாங்களாம்."

"நீங்க மோந்து பாத்தீங்கல்ல?"

அவள் டப்பாவின் மூடியைத் திருகித் திருகி மூடினாள்.

"எனக்கு ஒண்ணும் தெரியாது தம்பி. எட்டு மாசமாச்சு. எனக்கு ஒரு காய்ச்சல் வந்துச்சு, போகையில மூக்கையும் கூட்டிக்கிட்டுப் போயிடுச்சு. புகையும் தெரியாது, பூவும் தெரியாது."

எட்டு மாதமாக மாவு திரும்பி வந்ததெல்லாம் நினைவுக்கு வந்தது. மூன்று முறை வந்திருக்கும். மூன்று முறையும் கொண்டுவந்தது அவள் இல்லை, அவள் வீட்டுக்காரர். பஸ் டிப்போவில் இரவு வாட்ச்மேன். வாயில்லாப் பூச்சி. டப்பாவைத் திண்டில் வைத்து, "சரியில்லையாம்" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போவார்.

"அவருதான் மோந்து பாத்துச் சொல்லுவாரு. டூட்டி முடிஞ்சு அஞ்சு மணிக்கு வந்துடுவாரு. நேத்து மாத்து ஆள் வரலன்னு நிறுத்திட்டாங்க. ஏழு மணிக்கு அந்தப் பொண்ணுக்கு மாத்திரை. அதுக்கு முன்னாடி வயித்துல ஏதாவது போகணும். ஒரு நாள்தானே, என்ன ஆகிடப் போகுதுன்னு காய்ச்சிட்டேன். பயற வறுக்கையில கருக்கிட்டேன் போல. என் கையாலதான்…"

அந்த நேரத்தில் நான் வாயை மூடிக்கொண்டிருந்தால் அது அவள் கைக் குற்றமாகவே போயிருக்கும். யாருக்கும் தெரியப் போவதில்லை. அந்த யோசனை எனக்கு வராமல் இல்லை. வந்தது.

"பயறு இல்லக்கா" என்றேன். "மிளகா."

பெல்ட், நொய், துணிக்குழாய் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் கேட்டுக்கொண்டே மசாலா மெஷின் பக்கம் போய் அந்தத் துணிக்குழாயை உதறினாள். வெயில் பட்ட இடத்தில் சிவப்பாகப் பறந்தது. அவளுக்குத் தும்மல் வந்தது.

"வாசம்தான் வரல. தும்மல் ஒழுங்கா வருது" என்றாள். பிறகு மெதுவாக, "நான் பாத்துக்குவேன்னு நீங்க விட்டீங்க. நீங்க சுத்தமா அரைச்சிருப்பீங்கன்னு நான் விட்டேன். நடுவுல மாட்டினது யாரு பாருங்க."

திட்டியிருந்தால் தேவலை.

மில்லைப் பூட்டிவிட்டு அவளோடு கிளம்பினேன். போகிற வழியில் வீட்டுக்குப் போய்த் தூங்கிக்கொண்டிருந்த வாட்ச்மேனையும் எழுப்பிக் கூட்டிக்கொண்டாள். மாவு எடுக்கவில்லை. கழுவிய சிவப்பரிசி ஒரு பிடி, தோல் நீக்கிய பயறு ஒரு பிடி, புதுத் துணி ஒரு முழம். அவ்வளவுதான்.

தச்சர் வாசலிலேயே மறித்தார்.

"எதுக்கு வந்தீங்க? மிச்சம் இருக்குறதையும் முடிச்சுட்டுப் போகவா?"

"மிளகாய் கலந்தது என் மில்லுல. தப்பு என்னோடது" என்றேன்.

அவர் என் சட்டையைப் பிடித்தார். இழைப்புளி பிடித்த கை, பட்டன் இரண்டு போய்விட்டது. அக்கா நடுவில் வந்தாள்.

"அவரை அப்புறம் அடிச்சுக்கோங்க, எங்கயும் ஓடிட மாட்டாரு. முதல்ல அவகிட்ட நான் ஒண்ணு சொல்லணும்."

உள்ளே கட்டிலில் அந்த அம்மாள் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். உதடு வெடித்திருந்தது. அக்காவைப் பார்த்ததும் கையால் வாயை மூடிக்கொண்டாள். அக்கா கிட்டே போகவில்லை. வாசல்படியிலேயே தரையில் உட்கார்ந்தாள்.

"எனக்கு வாசம் தெரியாதும்மா. எட்டு மாசமா. உன்கிட்ட மறைச்சேன், எல்லார்கிட்டயும் மறைச்சேன். சொன்னா யாரும் குடிக்க மாட்டீங்கன்னு பயம். மூக்கு போன கஞ்சிக்காரிக்கு என்ன மரியாதை சொல்லு? இவருதான் மோந்து பாப்பாரு. நேத்து இவரு இல்ல, நான் காத்திருக்கல. அதான் நடந்தது."

தச்சர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். அந்த அம்மாள் கையை உயர்த்தி அவரை நிறுத்தினாள். நோட்டை எடுத்து எழுதினாள். தச்சர் அதை வாங்கிக் கரகரத்த குரலில் படித்தார்.

"எனக்கும் ருசி செத்து நாலு மாசம் ஆச்சு. அக்கா வருத்தப்படுமேன்னு நல்லாருக்கு நல்லாருக்குன்னு எழுதிக் காட்டினேன்."

அக்கா சிரித்தாளா அழுதாளா என்று எனக்குத் தெரியவில்லை. முந்தானையால் முகத்தை அழுத்தித் துடைத்தாள்.

"மாவே வேணாம்மா. மெஷினே வேணாம். இங்கயே, உன் கண்ணு முன்னாடி வேக வைக்கிறேன். பிடிச்சா குடி, இல்லன்னா கீழ ஊத்திட்டுப் போறேன்."

அடுப்பங்கரை கட்டிலுக்கு நேர் எதிரே இருந்தது. பாத்திரத்தை வாட்ச்மேன் முகர்ந்தார். துணியை முகர்ந்தார், கரண்டியை முகர்ந்தார், தண்ணீரையும் முகர்ந்தார். ஒரு கரண்டியைத் தள்ளி வைத்தார். "இதுல பூண்டு." அன்று அவர் பேசியது அது ஒன்றுதான். முழு அரிசியும் முழுப் பயறும் கரைய ஒன்றரை மணி நேரம் ஆனது. அக்கா தீயைக் குறைத்து வைத்துக்கொண்டு கிளறியபடியே இருந்தாள். வெந்ததைத் துணியில் கட்டிப் பிழிந்தாள். சூடு கையைச் சுட்டிருக்கும், காட்டிக்கொள்ளவில்லை. பிழிந்ததையே மறுபடி பிழிந்தாள்.

கிண்ணம் கட்டிலுக்குப் போனது. அந்த அம்மாள் அதைத் தொடவில்லை. என்னைச் சுட்டிக் காட்டினாள்.

"மில்லுக்காரர் குடிக்கணுமாம்" என்றார் தச்சர்.

குடித்தேன். எல்லோரும் என் தொண்டையையே பார்த்தார்கள். நான் இன்னும் உயிரோடு இருப்பதை உறுதி செய்துகொண்ட மாதிரி அந்த அம்மாள் தலையசைத்தாள். பிறகு கண்ணை இறுக மூடிக்கொண்டு வாயைத் திறந்தாள். அக்கா அரைக் கரண்டி விட்டாள். கழுத்து ஒருமுறை ஏறி இறங்கியது. கண்ணைத் திறந்து, இன்னொன்று என்று விரலைக் காட்டினாள். அன்று ஏழு கரண்டி. குழாய் போடவில்லை.

மறுநாள் காலை அக்கா தகரக் கூரைக்குக் கீழே வரிசையில் நின்றவர்களிடம் விஷயத்தை உடைத்துச் சொன்னாள். பாதிப் பேர் கலைந்து போனார்கள். மீதிப் பேருக்கு ஊற்றினாள். போனவர்களில் சிலர் பின்னால் திரும்பி வந்தார்கள், சிலர் வரவேயில்லை. அதைப் பற்றி அவள் ஒரு வார்த்தை பேசியதில்லை. நான் தானிய மெஷினுக்கு இரண்டு பெல்ட் வாங்கி ஆணியில் மாட்டி வைத்திருக்கிறேன். இப்போது அதில் பெருமைப்பட ஒன்றும் இல்லை.

தச்சர் சம்சாரம் அதற்குப் பிறகு ஐந்து மாதம் இருந்தாள். கட்டி திரும்ப வந்தது. ஒரு நாளும் தவறாமல் அக்கா அந்த வீட்டு அடுப்பிலேயே காய்ச்சினாள். சில நாள் பத்துக் கரண்டி, சில நாள் இரண்டு. கடைசி நாள் காலையில் நானும் அங்கே இருந்தேன். அந்த அம்மாள் கிண்ணத்தைப் பார்த்து, போதும் என்று தலையசைத்தாள். அக்கா கட்டாயப்படுத்தவில்லை. "சரிம்மா, போதும்னா போதும்" என்று சொல்லி, ஆறும்வரை அதை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

சாயந்திரம் எல்லாம் முடிந்தது. ஆட்கள் வந்து போனார்கள். அடுப்பங்கரையில் கிண்ணம் அப்படியே இருந்தது. அக்கா கொட்டுவதற்காக எடுத்தாள்.

"கொட்டாதீங்க. இப்படிக் குடுங்க" என்றார் தச்சர்.

நின்றபடியே குடித்தார். இத்தனை நாளில் அவர் அதை வாயில் வைத்தது அதுதான் முதல் முறை.

"உப்பு ஒரு கல்லுகூட இல்லையே. இதையா இவ்வளவு நாளா குடிச்சா?" என்றார்.

அடியில் ஒட்டியிருந்ததையும் விரலால் வழித்துச் சாப்பிட்டு முடித்தார்.