எட்டு ஸ்க்ரூ

சரளா அந்த டிக்கெட் மெஷினைத் தலைக்கு மேல் தூக்கி, சிமெண்டுத் தரையில் தொப்பென்று போட்டார். குனிந்து எடுத்துக் காதோரம் ஆட்டினார். உள்ளே எதுவும் குலுங்கவில்லை. அடுத்து ஒரு சொம்புத் தண்ணீரை அதன் மேல் ஊற்றினார். அது அசராமல் 'பீப்' என்றது. "மவராசி, நல்லா இரு" என்று முந்தானையால் துடைத்து வைத்தார்.

ஜோகுபாளையத்துச் சரளாவுக்கு ஐம்பத்திரண்டு வயது. அதில் இருபத்தெட்டு வருஷம், ராணுவத்துக்கு வயர்லெஸ் செட் செய்யும் தொழிற்சாலையின் சோதனைப் பிரிவில் போயிருக்கிறது. எல்லையில் செட் கெட்டால் யார் ரிப்பேர் பார்ப்பது என்பதே அவர் கவலை. டிபன் பாக்ஸ் வாங்கப் போனால்கூடக் கடைக்காரர் கண்ணெதிரே கீழே போட்டுத்தான் பார்ப்பார். சிவாஜிநகர் பாத்திரக் கடைகளில் அவர் தலை தெரிந்ததும் எவர்சில்வரை உள்ளே எடுத்து வைக்கிறார்கள் என்று வீட்டில் கேலி உண்டு.

இப்போது ராணுவம் வேறு மாதிரி செட் கேட்கிறது. பழையதற்கு ஆர்டர் இல்லை. அதனால்தான் ஓசூர் வழியில் பஸ் விடும் ஒரு கம்பெனிக்கு இருநூறு டிக்கெட் மெஷின். அவர்களுக்கு இது பிடித்தால் சரளாவின் பிரிவில் இருக்கும் ஒன்பது பெண்களுக்கும் வேலை உண்டு. இல்லையென்றால் பிரிவை மூடவேண்டியதுதான். மேனேஜர் அச்யுத் இதை மறைக்காமல் சொல்லிவிட்டார்.

முதல் மெஷினை, ஓட்டிப் பார்த்துச் சொல்ல வந்த அந்தக் கம்பெனிக் கண்டக்டர் மைக்கேல்ராஜிடம் பெருமையாக நீட்டினார் சரளா. "ஆனை மிதிச்சாலும் ஒண்ணும் ஆவாதுப்பா."

"அதெல்லாம் சரிக்கா. பேப்பர் ரோல் எப்படி மாத்தறது?"

"பின்னாடி எட்டு ஸ்க்ரூ. கழட்டினா ஆச்சு."

"எட்டா! அதைக் கழட்டறதுக்குள்ள பாதி ஜனம் ஓசிலயே இறங்கிப் போயிடும். மிலிட்டரில யாருக்கா டிக்கெட் கிழிக்கறாங்க?"

சரளாவின் முகம் தொங்கிப்போனது. ஒரு சொட்டு உள்ளே போகக்கூடாது என்று அந்த எட்டையும் அடம்பிடித்துப் போடவைத்தவர் அவர்தான். ஆனாலும் மறுநாளிலிருந்து மூன்று நாள் அதே பஸ்ஸில் ஏறி, மைக்கேல்ராஜின் கைகளையே பார்த்துக்கொண்டு வந்தார். விரலிடுக்கெல்லாம் நோட்டு. சும்மா இருந்தது மெஷினைப் பிடித்திருந்த கையின் கட்டைவிரல் மட்டும்.

நேராக அச்யுத்திடம் போனார். "சார், ஸ்க்ரூவே வேணாம். கட்டவெரலால தள்னா தொறக்கற மாதிரி மூடி போட்ருவோம். தண்ணி கொஞ்சம் உள்ள போவும். போவட்டும் சார்."

புது மெஷின் பஸ் ஏறிய அன்று நல்ல மழை. "முந்தே ஹோகி, முந்தே ஹோகி" என்று கன்னடத்தில் கூட்டத்தை முன்னே தள்ளிக்கொண்டிருந்த மைக்கேல்ராஜ், ரோல் தீர்ந்ததும் கம்பியில் சாய்ந்து கட்டைவிரலால் மூடியைத் தள்ளினார். திறந்த மெஷினை நோக்கி ஜன்னல் வழியே சாரல் அடித்தது. கூடவே வந்திருந்த சரளா எழுந்து நின்று, அத்தனை நெரிசலிலும் படக்கென்று குடையை விரித்து மெஷினுக்கு மேல் பிடித்தார். பக்கத்தில் இருந்தவர்கள் திட்டிக்கொண்டே தலையைக் குனிந்தார்கள்.

புது ரோல் உட்கார்ந்தது. மூடி டப்பென்று விழுந்தது. அடுத்த டிக்கெட் சரசரவென்று வந்தது.

"ஓகேக்கா! இருநூறும் வாங்கிக்கலாம்னு மொதலாளிகிட்ட சொல்லிடறேன். குடைய மடக்குங்க, ஜனங்க கண்ணுல குத்துது."

சரளா சிரித்துக்கொண்டே தலையாட்டினார். குடையை இன்னும் கொஞ்சம் மெஷின் பக்கமாகச் சாய்த்தார்.