பிறந்தார் என்று எழுதிய விளக்கு

எனக்குப் பள்ளிக்கூடம் மூன்றாம் வகுப்போடு நின்றுபோயிற்று. அப்புறம் ஈப்போ, பினாங்கு, சிங்கப்பூர் என்று பிழைப்பு இழுத்த பக்கமெல்லாம் போனேன். கிறிஸ்துமஸ் எந்த ஊரில் வந்ததோ அங்கே கிடைத்ததைத் தின்றுவிட்டுப் படுத்தேன். அவற்றில் எதுவும் நினைவில் இல்லை. மலாயாவுக்குச் சுதந்திரம் வந்த வருஷத்துக் கிறிஸ்துமஸ் மட்டும் அப்படியே இருக்கிறது.

அப்பா மிஷன் உபதேசியார். மலாக்காவில் காஜா பெராங் என்று ஓர் இடம், அங்கே தமிழர்கள் கோயில் கட்டிக் கும்பிடுகிறார்கள், போய் வசனம் சொல்லும் என்று திருநெல்வேலியிலிருந்து சபைப் பெரியவர்கள் எங்களைக் கப்பலேற்றிவிட்டார்கள். அவர்கள் சொன்னதெல்லாம் உண்மைதான். அந்தத் தமிழர்களுக்குத் தமிழ் தெரியாது என்பதை மட்டும் சொல்லவில்லை.

அவர்கள் செட்டிகள். பல தலைமுறைக்கு முன்பே வந்து ஊரோடு கலந்துவிட்டவர்கள். முகம் நம் முகம், நெற்றியில் திருநீறு. பெண்கள் உடுத்துவது சாரோங் கைலியும் கெபாயாச் சட்டையும், எல்லோரும் பேசுவது மலாய். அப்பா தெருமுனையில் பிரசங்கம் செய்தால் மரியாதையாக நின்று கேட்டுவிட்டுப் போய்விடுவார்கள். புரிந்து கேட்டவர் சலவைக்கடை மாமா ஒருவர்தான். ரப்பர் தோட்டத்திலிருந்து டவுனுக்கு வந்த தமிழர் அவர். அவரும் இஸ்திரிப் பெட்டியில் கரி கனியும் வரைதான் நிற்பார்.

பக்கத்து வீட்டில் வயதான ஒரு பெண். மூத்த பெண்களை அங்கே பீபி என்பார்கள். நாங்கள் வந்த புதிதில் பீபி வேலியோரம் நின்று அம்மாவைப் பார்த்து, "மரி, மரி" என்று கையை ஆட்டினார். மலாயில் அது "வா, வா". வேதப்புத்தகத் தமிழில் வளர்ந்த அம்மாவுக்கு அது "செத்துப்போ" என்று கேட்டது. கதவைச் சாத்திக்கொண்டு, "நாம அந்த அம்மாவுக்கு என்னங்க செஞ்சோம்?" என்று அப்பாவிடம் கேட்டாள். அப்பா அர்த்தம் விசாரித்து வந்து சொன்ன பிறகும் அம்மா வேலிப் பக்கம் போகவில்லை.

மழைக்காலம் தொடங்கியபோது எனக்கு ஒரு தம்பி பிறந்தான். பெயர் வைப்பதற்குள் ஆஸ்பத்திரியிலேயே போய்விட்டான். அப்பாவே பலகையில் பெட்டி செய்து, தாமே பாட்டுப் பாடி, தாமே அடக்கம் செய்தார். வீட்டுக்கு வந்து அம்மா வாய்விட்டு அழத் தொடங்கியதும், "கர்த்தர் எடுத்துக்கொண்டார். நாமே இப்படி அழுதால் ஊழியம் என்னாவது?" என்றார். அம்மா நிறுத்திவிட்டாள். அக்கம்பக்கத்தில் யாருக்கும் சொல்லவில்லை. சொல்ல மொழியும் இல்லை. அதிலிருந்து அம்மா சோற்றைப் பிசைந்து வைத்துவிட்டு எழுந்துவிடுவாள்.

கிறிஸ்துமஸ் காலையில் சிங்கப்பூரிலிருந்து பெரிய ஐயர் வருவதாக இருந்தது. எங்கள் சபையில் குருவானவரை ஐயர் என்போம். எங்கள் வீட்டில் நடக்கும் ஆராதனைக்கு ஊர் ஆட்கள் வந்தால் அப்பாவின் ஊழியம் தொடரும்; வராவிட்டால் மூட்டை கட்டவேண்டியதுதான். ஆட்களை அனுப்பும் என்று அப்பா தினமும் சத்தமாக ஜெபித்தார். அம்மா உதட்டை அசைக்கவே இல்லை. ஊருக்குப் போகலாம் என்று நினைத்தாளோ என்னவோ. யாருக்காக ஆமென் சொல்வது என்று தெரியாமல் நான் விழித்தேன்.

திருநெல்வேலியில் கிறிஸ்துமஸ் என்றால் வாசலில் காகித நட்சத்திரம் தொங்கும். அப்பாவும் மூங்கிலைப் பிளந்து ஒன்று கட்டினார். மூங்கில் அவர் பேச்சைக் கேட்கவில்லை; நட்சத்திரம் உருண்டையாகிவிட்டது. சீனர் கடையில் சிவப்புத் தாள் தீர்ந்துபோயிருந்ததால் வெள்ளைத் தாள் ஒட்டினார். அதன்மேல் நீல மையில் "பிறந்தார்" என்று கொட்டையாக எழுதி, உள்ளே மெழுகுவத்தி ஏற்றி, முந்தின நாள் சாயங்காலமே வாசலில் மாட்டிவிட்டார். தெருவில் போனவர்கள் எல்லோரும் நின்று பார்த்தார்கள். அப்பாவுக்கு ஒரே சந்தோஷம்.

விடிந்ததும் பீபி வந்தார். பின்னால் ஏழெட்டுப் பெண்கள். எல்லோரும் வெள்ளைக் கெபாயா. கொண்டையில் பூ இல்லை, காதில் தோடு இல்லை. ஆண்கள் முற்றத்தில் பேசாமல் நின்றார்கள். ஒரு தட்டில் சீனியும் காப்பித்தூளும் வந்தன.

"பாத்தியா! வந்துட்டாங்க பாத்தியா!" என்று அப்பா அம்மாவிடம் சொன்னார்.

அம்மாவுக்குத் தெரிந்த மலாய் ஒரே சொல்தான். வாசலில் நின்று, "மரி, மரி" என்றாள். பீபி அவளைக் கட்டிக்கொண்டார். அப்புறம் என் பக்கம் திரும்பி, புதுப் பாவாடைக்குப் பொருத்தமாக நான் கட்டியிருந்த சிவப்பு ரிப்பனை மெதுவாக அவிழ்த்து என் கையில் வைத்தார். எனக்குக் கோபமாக வந்தது. பண்டிகை நாளில் யாராவது ரிப்பனை அவிழ்ப்பார்களா?

பெரிய ஐயரின் கார் வந்து நின்றது. கூட்டத்தைப் பார்த்து அவருக்குக் கண் விரிந்தது. அவர் பாயில் உட்கார்ந்து வேதப்புத்தகத்தைத் திறப்பதற்குள் சலவைக்கடை மாமா மூச்சிரைக்க ஓடி வந்து அப்பாவைக் கதவோரம் இழுத்தார். நானும் அம்மாவும் அங்கேதான் நின்றிருந்தோம்.

"என்ன உபதேசியாரே, யாரு தவறிட்டா? எனக்கு ஒரு வார்த்தை சொல்லக்கூடாதா?"

"யாரும் தவறல. பிறந்திருக்கார்ன்னு எழுதித்தானே மாட்டியிருக்கேன்."

"ஐயோ, எழுத்தை யாரு லா படிச்சா? வெள்ளை விளக்கு, நீல எழுத்து. இந்த ஊருல அது சாவு வீட்டுக்கு மாட்டுறது. எழவுக்கு வந்திருக்காங்க எல்லாரும்!"

அப்பா மாமாவின் கையைப் பிடித்துக்கொண்டார். "சொல்லிடுங்க. தப்பா நடந்துபோச்சுன்னு சொல்லி அனுப்பிடுங்க" என்றார். ஐயர் அதற்குள் தொண்டையைச் செருமிக்கொண்டிருந்தார்.

"வேண்டாங்க" என்றாள் அம்மா. அப்பாவின் பேச்சை அவள் மறித்து நான் பார்த்ததில்லை. மாமா பக்கம் திரும்பி, "அவங்ககிட்ட சொல்லுங்கண்ணே. செத்தது எம்புள்ள" என்றாள்.

மாமா மலாயில் சொன்னார். பீபி "காசிஹான்" என்றார். பாவமே என்று அர்த்தம். அம்மா அப்படியே தரையில் உட்கார்ந்தாள். பெண்கள் சுற்றி உட்கார்ந்தார்கள். அம்மா தமிழில் அழுதாள், அவர்கள் மலாயில் அழுதார்கள். ஐயர் அந்தச் சத்தத்துக்கு நடுவே மாட்டுத்தொழுவத்தையும் மேய்ப்பர்களையும் பற்றி உரத்த குரலில் பிரசங்கம் செய்தார். பிள்ளை பிறந்த கதைக்கு ஏன் இத்தனை அழுகை என்றும், தம்பி எப்போதோ போய்விட்டானே, இன்றைக்கு ஏன் என்றும் எனக்கு மாற்றி மாற்றிக் குழப்பம்.

போகும்போது ஐயர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "வசனத்தைக் கேட்டு இப்படி இருதயத்தில் குத்துண்டு அழுகிற ஜனத்தை நான் பார்த்ததில்லை, உபதேசியாரே. நீர் இங்கேயே இரும்" என்றார். அப்பா குனிந்து கார்க்கதவைச் சாத்தினார். கார் போய்விட்டது.

மத்தியானம் பீபி வீட்டிலிருந்து சோறும் குழம்பும் வந்தன. அம்மா இரண்டாம் முறையும் போட்டுக்கொண்டு சாப்பிட்டாள். கேட்டது கிடைத்த அப்பாதான் சாப்பிட வரவில்லை. தேடிக்கொண்டு பின்பக்கம் போனேன். கிணற்றடியில் துண்டை முகத்தில் பொத்திக்கொண்டு குந்தியிருந்தார். தோள் குலுங்கியது. உள்ளே ஓடி வந்து, "அம்மா, அப்பா கண்ணுல சோப்பு போயிருச்சு" என்றேன்.

"இருக்கட்டும். கூப்பிடாத" என்றாள் அம்மா.

சோப்பு அடுப்படி மாடத்தில் காய்ந்துபோய் இருந்தது. அதை எடுத்து ஒருமுறை பார்த்துவிட்டு, இருந்த இடத்திலேயே வைத்தேன்.