நாக்கில் படாத பீர்

பீர் ஊற்றுகிற வேலையில் பீர் ஊற்றுவதுதான் சுலபம். வாங்கியவர் ஒரு வாய் குடித்துவிட்டு நிமிர்ந்து பார்க்கிறார் பாருங்கள், அப்போது என்ன சொல்வது என்பதுதான் கஷ்டம். கவுன்டருக்குப் பின்னால் கால் கடுக்க நின்றுகொண்டு, சிரித்த முகத்தோடு பிழைப்பு நடத்தும் சக ஜீவன்களே, உங்களுக்குத்தான் இதை எழுதுகிறேன்.

டெக்சாஸில் பிளானோவுக்கு வடக்கே, டோல்வே என்கிற சுங்கச் சாலையை விட்டு இறங்கி இன்னும் கொஞ்ச தூரம் போனால் எங்கள் ஊர். ஊர்தான் சின்னது. பழைய கடைவீதியைச் சுற்றி ஒரு நடை நடந்தால் இரண்டு பீர் ஆலை, ஆப்பிளைப் புளிக்க வைத்து சைடர் செய்யும் இடம் ஒன்று, அப்புறம் பின்கட்டில் காய்ச்சி முன்கட்டில் ஊற்றுகிற லிண்டாவின் டாப்ரூம். கோபியிலிருந்து கல்யாணமாகி வந்து, கணவரின் விசாவில் ஒட்டிக்கொண்டு பல வருஷம் வீட்டிலேயே இருந்தேன். வொர்க் பெர்மிட் வந்ததும் எத்தனையோ இடங்களில் அப்ளை பண்ணினேன். வா என்று கூப்பிட்டவர் லிண்டா மட்டும்தான். பி.காம். படித்த கையில் பீர்க் குழாய்.

நான் குடிக்க மாட்டேன் என்பதை முதல் நாளே சொல்லிவிட்டேன். லிண்டா மூக்குக் கண்ணாடியை இறக்கிப் பார்த்தார். "நவம்பர் கடைசி, தேங்க்ஸ்கிவிங் வரைக்கும் டைம். எது எப்படி இருக்கும்னு கஸ்டமருக்குச் சொல்லத் தெரியணும். தெரியலைன்னா நான் வேற ஆள் பார்த்துக்குவேன்" என்றார். என் பெயர் போட்ட பேட்ஜ் ஒன்றை வாழ்க்கையில் முதல் தடவையாக மாட்டியிருந்தேன். அதைக் கழற்றிக் கொடுக்க எனக்கு மனசே இல்லை.

இரவல் நாக்கு

ஊரில் உள்ள மற்ற கடைகளையும் சுற்றிப் பார்த்துக் கற்றுக்கொள் என்றார் லிண்டா. என் நாக்குக்குப் பதிலாக என் கணவரைக் கூட்டிக்கொண்டு போனேன். "குடிங்க" என்று பெண்டாட்டியே சொல்வது எந்த ஜென்மத்துப் புண்ணியமோ, மனிதர் இஸ்திரி போட்ட சட்டையோடு கிளம்பினார். நான் கார் ஓட்டினேன்.

முதல் கடையில் கறுப்பு பீர். எப்படி இருக்கிறது என்றேன். "நல்லா இருக்குது." அடுத்த கடையில் கசப்பு பீர். "நல்லா இருக்குது." சைடர் கடையில் குறுக்கு விசாரணையே நடத்தினேன்: புளிப்பா, இனிப்பா, தொண்டையில் என்ன தெரிகிறது? கண்ணை மூடி வெகுநேரம் யோசித்துவிட்டு, "இதுவும் நல்லாத்தான் இருக்குது" என்றார். நாக்கு இருக்கிறதா இல்லையா என்று பார்க்கிங்கிலேயே சத்தம் போட்டுவிட்டேன். அவர் சீட் பெல்ட்டை மாட்டியபடி நிதானமாகச் சொன்னார்: "உன்ற சாம்பாருக்கும் இத்தன வருசமா இதையேதான் சொல்றேன். என்னைக்காச்சும் சண்டை வந்திருக்குதா?"

பந்தலில் கொடுப்பது

இரவல் நாக்கு கைவிட்டதும் சொந்த மூக்கை நம்பினேன். எல்லாக் கிளாஸையும் மோந்து பார்த்தேன். ஜெர்மன் வகை பீர் ஒன்று. உப்பும் மல்லி விதையும் போட்டுப் புளிக்க வைப்பது. யாரும் சீண்டாமல் கிடந்தது. மோந்தால் அச்சு அசல் எங்கள் ஊர் நீர்மோர்!

டெக்சாஸ் வெயிலில் ஓடிவிட்டு, முகம் சிவந்து ஒரு அமெரிக்கப் பெண்மணி வந்தார். "எங்கள் ஊரில் கோடையில் கோயில் வாசலில் பந்தல் போட்டு, வெயிலில் வருகிறவர்களுக்கு இந்த ருசியில் ஒன்று கொடுப்பார்கள்" என்று சொல்லி ஊற்றினேன். பந்தலில் கொடுப்பதில் போதை கிடையாது என்று சொல்வதற்குள் கிளாஸ் காலி. கடைக்கோடியில் நின்ற லிண்டா என்னை ஒரு மாதிரி பார்த்தார். பெண்மணி உதட்டைத் துடைத்துக்கொண்டு மிகுந்த பக்தியோடு கேட்டார்: "உங்க கோயில்ல புது ஆளுங்களைச் சேர்த்துக்குவாங்களா?"

எச்சில் பண்ணாமல்

ஒரு பலகையில் குட்டிக் குட்டி கிளாஸாக ஐந்து வகையை வைத்துக் கொடுப்போம். அதற்கு ஃப்ளைட் என்று பெயர். பிளானோ ஆபீஸிலிருந்து நான்கு தமிழ்ப் பையன்கள் வந்து ஒரே ஒரு ஃப்ளைட் வாங்கினார்கள். நான்கு பேரும் ஐந்தையும் ருசி பார்க்க வேண்டும். ஆனால் எச்சில் படக்கூடாது. "மச்சி, தூக்கிக் குடிடா" என்றான் ஒருவன். தண்ணீர்ச் செம்பைத் தூக்கி அண்ணாந்து ஊற்றிக்கொள்வதுபோல் பீரை ஊற்றிக்கொண்டார்கள். தண்ணீர் நுரைக்காது, பீர் நுரைக்கும். மூக்கு, மீசை, ஆபீஸ் ஐடி கார்டு எல்லாம் நுரை.

பக்கத்து மேஜையில் தொப்பி போட்ட டெக்சாஸ் பெரியவர் ஒருவர். நாகரிகம் தெரிந்தவர்கள் இப்படித்தான் பகிர்ந்து குடிப்பார்கள் என்று விளக்கினேன். மனிதர் மரியாதையாக அண்ணாந்து தானும் முயன்று பார்த்தார். நான் தரை துடைக்கும் மாப்பை எடுத்துக்கொண்டு வருவதற்குள் தாடி முழுக்க நனைந்திருந்தது. இருமி முடித்துவிட்டு என்னிடம் கேட்டார்: "மேடம், உங்க ஊர்ல இது பழக்கமா, தண்டனையா?"

சுத்த சைவம்

சேது அங்கிள் ரிட்டயர் ஆகி மகள் வீட்டோடு இருப்பவர். வாரம் தவறாமல் வந்து இங்கிலீஷ் வகை பீர் ஒன்றே ஒன்று குடிப்பார். ஒருநாள் பாதி கிளாஸில், "ஏம்மா, இதெல்லாம் வெஜ்தானே?" என்றார். பீரில் என்ன அசைவம் என்று சிரித்தேன். கூட வேலை பார்க்கும் டைலர் என்ற அமெரிக்கப் பையனுக்கு 'வெஜ்' மட்டும் புரிந்தது; அவன் சிரிக்காமல் என் காதில் சொன்னான். அந்த ஒரு பீரைத் தெளிய வைக்க மட்டும் மீனின் காற்றுப் பையைக் காயவைத்துப் போடுவார்களாம்.

மறைக்க எனக்கு மனசு வரவில்லை. அவர் சத்தம் போட்டால் லிண்டா காதில் விழும். என் கதை அன்றைக்கே முடியும். நடப்பது நடக்கட்டும் என்று சொல்லிவிட்டேன். அங்கிள் கிளாஸை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். பெருமூச்சு விட்டார். மீதியையும் குடித்து முடித்துவிட்டுச் சொன்னார்: "கங்கைலயும்தான் மீன் நீந்தறது, தீர்த்தம்னு குடிக்கலையா?"

வீட்டுக்காரர் நிலவரம்

இந்தியன் கடையில் கறிவேப்பிலை எடுத்துக்கொண்டிருந்தபோது ஒரு ஆன்ட்டி எங்கே வேலை என்று பிடித்துக்கொண்டார். சுற்றி வளைக்காமல் "பீர் ஊத்தறேனுங்க ஆன்ட்டி" என்றேன். முகம் சுருங்கியது. போச்சு, நாளைக்கு ஊர் பூராவும் தெரிந்துவிடும் என்று நினைத்தேன். ஆன்ட்டி அக்கம்பக்கம் பார்த்துவிட்டுக் காதருகே வந்தார்: "எங்க வீட்டுக்காரர் அங்கேர்ந்து கிளம்பறப்ப மட்டும் எனக்கு ஒரு வாட்ஸப் போட்டுரும்மா."

கடைசி ஞாயிறு

தேங்க்ஸ்கிவிங்குக்கு முந்தைய ஞாயிறு. சாயங்காலம் கடை அடைத்ததும் லிண்டா என்னையும் டைலரையும் உட்கார வைத்தார். பேட்ஜை ஒரு தடவை தொட்டுப் பார்த்துக்கொண்டேன். கோயில், கங்கை, ஈரத் தரை எல்லாவற்றையும் ஒவ்வொன்றாகச் சொல்லிவிட்டு, "ஒரு சொட்டுக்கூடக் குடிக்காத ஆளை வச்சு பீர்க்கடை நடத்த முடியுமா? டைலர், நீயே சொல்லு" என்றார்.

டைலர் கலங்கிப்போனான். எங்கள் கடையில் வேலை முடிந்ததும் ஆளுக்கு ஒரு கிளாஸ் இலவசம். என் பங்கைத் தினமும் கூட வேலை பார்ப்பவரிடம் தள்ளிவிடுவேன், அன்றைக்கு அவனிடம். என்னோடு வேலை பார்க்க மற்றவர்கள் ஷிஃப்டை மாற்றிக் கேட்பதே அதற்காகத்தான் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. என் குணத்துக்காக என்றல்லவா நான் நினைத்துக்கொண்டிருந்தேன்! "இவங்களை அனுப்பாதீங்க. இவங்களை மாதிரி ஒரு நல்ல மனுஷி கிடைக்கவே மாட்டாங்க" என்று கெஞ்சினான், இரண்டு கையிலும் கிளாஸை வைத்துக்கொண்டு.

லிண்டா அவனைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். கொத்துச் சாவியை எடுத்து என் முன்னால் வைத்தார். காருக்குப் போய்க் கொஞ்ச நேரம் அழுதேன் என்பதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை. லிண்டா சொன்னது இதுதான்: "கடை சாத்தற நேரத்துல நேரா நிக்கிறது இவங்க ஒருத்திதான். சாவி இனிமே இவங்ககிட்டயே இருக்கட்டும்."

குடித்து வேலையை இழந்தவர்களை நீங்கள் நிறையப் பார்த்திருப்பீர்கள். பீர்க்கடையில் குடிக்காமல் இருந்தே வேலையைப் பிடித்துக்கொண்டவள் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.