செருப்பு போட்டுக்கொண்டு நடங்கள்

முதலில் கெட்டது என் கணவரின் கையெழுத்துதான். வங்கியில் அடுத்தவர் கையெழுத்தைச் சரிபார்ப்பது அவர் வேலை. தொண்ணூறுகளின் தொடக்கத்தில் ஒரு நாள், அவருடைய கையெழுத்தே ஒன்றுபோல் இல்லை என்று மேலாளர் அவரை வீட்டுக்கு அனுப்பிவிட்டார். காலையில் கை நடுங்கும்; மாலையில் குடித்தால் நின்றுவிடும்.

அடையாறில் ஒரு டாக்டரம்மாவிடம் போனோம். சில நாள் படுக்கவைத்து நச்சு நீக்கம் செய்தார்கள் (குடியை நிறுத்தும்போது வரும் நடுக்கத்தையும் வலிப்பையும் மருந்தால் அடக்குவது). பிறகு மாத்திரையோடு நடையையும் எழுதிக்கொடுத்தார்.

"நடந்தா மட்டும் குடி போயிடாது. ஆனா தூக்கம் வரும், தவிப்பு குறையும். மாத்திரைக்கு அது துணை."

மயிலாப்பூர்க்காரர்களை நடக்கச் சொன்னால் வேறு எங்கே போவோம்? விடிந்ததும் குளித்து, விபூதி இட்டு, செருப்பில்லாமல் நான்கு மாடவீதிகளையும் வலம் வந்தோம். அவருக்குப் பசி எடுத்தது. தூங்கினார். கையெழுத்து திரும்பியது. எனக்குத் தலைகால் புரியாத சந்தோஷம்.

ஒரு கல்யாணத்துக்குப் போன இடத்தில் குடித்துவிட்டார். மறுநாள் எழுப்பினேன். சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"நேத்திக்குக் குடிச்சுட்டு இன்னிக்கு எப்படிடி சுவாமியைச் சுத்துவேன்? நான் வரலை."

அதோடு நடை நின்றது. பாட்டில் மறுபடி வீட்டுக்குள் வந்தது. வயிறு உப்பிய பிறகுதான் டாக்டரிடம் வரச் சம்மதித்தார்.

டாக்டரம்மாவுக்குக் கோபம். "நான் நடக்கத்தானே சொன்னேன், வேண்டிக்கவா சொன்னேன்? கோயில் பக்கமே வேண்டாம். செருப்பு போட்டுக்கிட்டு நடங்க. குடிச்சிட்டா, மறுநாள் கண்டிப்பா நடங்க."

உங்கள் வீட்டிலும் இப்படி ஒருவர் இருந்தால், டாக்டரம்மா கடைசியாகச் சொன்னதைக் கெட்டியாகப் பிடித்துக்கொள்ளுங்கள்.

அவர் குடிக்கக் கிளம்பும் மாலை நேரத்தில் லஸ் கடைத்தெருப் பக்கம் நடந்தோம். அதன்பின் அவர் குடிக்கவில்லை. ஆனால் ஈரல் அதற்குள் சுருங்கியிருந்தது (சிரோசிஸ்: ஈரல் தழும்பேறி இறுகிப்போவது). வயிற்றில் நீர் கோத்துக்கொண்டே இருந்தது. முடிந்த மட்டும் மெதுவாக நடந்தால் போதும் என்றார் டாக்டரம்மா. நான் வேகக்காரி. "ஓடாதேடி, நானும் வரேன்" என்பார். நின்று நின்று நடந்தோம்.

அந்த மழைக்காலத்தில் போய்விட்டார். குடிக்காத மனிதராகத்தான் போனார். அதுவே ஆறுதல் என்கிறார்கள். எனக்கு அதுதான் வயிற்றெரிச்சல்.

இன்னும் மாலையில் நடக்கிறேன். கால்கள் பழைய வேகத்துக்குத் திரும்பவில்லை. லஸ் முனை வருவதற்குள் இருட்டிவிடுகிறது. பின்னால் வருகிறவர்கள் எல்லாம் என்னைத் தாண்டிப் போகிறார்கள். முந்தாநாள் ஒரு பூக்காரம்மா கேட்டாள்:

"இன்னாம்மா, யாருக்கோசரம் நின்னுக்கினு கீறே?"

நான் நடந்துகொண்டுதான் இருந்தேன்.